விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்

பிப்ரவரி 4

அன்புள்ள மகளுக்கு,

உன் அத்தைதான். இது கடிதம், பேச்சு இல்ல. அதை முதல்லயே சொல்லிடுறேன். சாமி படத்துக்கு முன்னாடி நின்னு நான் என்ன சொன்னேன்? ‘உன் கண்ணைச் சுட்ட அந்த லேசரை யாராவது கட்டிப்போடற வரைக்கும் உன்கிட்ட வாய் திறக்க மாட்டேன்’னு சொன்னேன். வாய் வேற, கை வேற. எழுத மாட்டேன்னு சாமிகிட்ட நான் சொல்லவே இல்ல. நீ போனதுலேருந்து இத்தனை நாளா இது என் புத்திக்கு எட்டல பாரு. நேத்து பிரார்த்தனையில உக்காந்திருக்கும்போதுதான் எட்டுச்சு. சாமிதான் காட்டிக் கொடுத்தார்னு நெனச்சுக்கறேன்.

உங்கம்மா உன்கிட்ட போன்ல பேசும்போதெல்லாம் நான் தையல் மெஷினை நிறுத்திடுவேன். நூல் மாத்துறேன்னு நெனச்சுப்பா. ஒரு ஜன்னல் திரைக்கு எத்தனை தடவைதான் நூல் மாத்துறது? அவளும் இருக்காளே, ‘ம்’, ‘சரி’, ‘அப்படியா’, இதுக்கு மேல வாயில வராது. அதை வச்சுக்கிட்டு நான் என்னன்னு புரிஞ்சுக்கறது? நேத்து ‘அப்படியா’ன்னு இழுத்து இழுத்துச் சொன்னா. என்ன அப்படியா? எனக்கு அன்னிக்கு முழுக்க தையல் கோணிக்கிச்சு.

அதுக்குத்தான் எழுதுறேன். கண்ணு எப்படி இருக்கு?

நான் உங்க ஆராய்ச்சிக்கூடத்துப் பெரிய மேடத்துக்கு எழுதினது தப்புன்னு நீ வீடே அதிரக் கத்தின. பிள்ளைக்கு வேலை செய்யற இடத்துல கண்ணு அடிபட்டிருக்கு. வீட்டுல பெரியவன்னு ஒருத்தி ‘இனிமே எங்க பிள்ளைய அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்துல விடாதீங்க’ன்னு ரெண்டு வரி எழுதக் கூடாதா? உங்கப்பன் வாயத் திறக்க மாட்டான். உங்கம்மா ‘அப்படியா’ன்னுவா. அப்ப யாருதான் எழுதறது?

நீ பெட்டியத் தூக்கிட்டு, ஊத்தி வச்ச டீயைக்கூடத் தொடாமப் போயிட்ட. ஆறிப்போன டீயை உங்கப்பன் குடிச்சான். அவனுக்கு எதுவும் வீணாகக் கூடாது.

நீலக் கம்பளிச் சட்டைய விட்டுட்டுப் போயிருக்க. குளிருக்கு என்ன பண்ற? பதில் போடு. கோபமா இருந்தாக் கோபமாவே போடு.

அத்தை

*

பிப்ரவரி 15

அன்புள்ள அத்தை,

கோபமாகவே எழுதுகிறேன். கேட்டது நீங்கள்தான்.

கண் அப்படியேதான் இருக்கிறது. இடது கண்ணை மட்டும் திறந்து படித்தால் வரிக்கு நடுவில் ஒரு எழுத்து காணாமல் போகும். இரண்டையும் திறந்தால் வலது கண் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். இனி கண்ணில் விழுந்த அந்தக் குருட்டுப் புள்ளி வளராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மா ‘அப்படியா’ என்றது இதற்குத்தான்.

உங்கள் கடிதத்தால் என்ன நடந்தது என்று தெரியுமா? நான் இப்போது வாசலுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்த அளவுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். லேசர் இருக்கும் அறைக்குள் நான் போகக் கூடாது. லேசரிடமிருந்து கண்ணைக் காக்க நான் செய்த மெல்லிய படலத்தை வேறொருவன் சோதிக்கிறான். ரொம்ப உயரம், ரொம்ப ஒல்லி. இங்கே எல்லோரும் அவனை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுகிறோம், அவனுக்குத் தெரியாமல். நல்லவன். ஆனால் என் படலத்தை அவன் கீழே போட்டுவிடுவானோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நான் செய்த அதே தப்பை அவனும் செய்கிறான். நாங்கள் போட்டுக்கொள்ளும் பாதுகாப்புக் கண்ணாடி லேசரின் பச்சை வெளிச்சத்தை முழுக்க அடைத்துவிடும். கதிர் எங்கே விழுகிறது என்பதே தெரியாது. தெரியாமல் எப்படி நேராக்குவது? அதனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு நொடி எட்டிப் பார்ப்போம். எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு எனக்கு அந்த ஒரு நொடியில் கதிர் ஒரு திருகாணித் தலையில் பட்டுத் திரும்பி வந்தது. அவ்வளவுதான் கதை.

யாரும் கண்ணாடியைக் கழற்ற வேண்டியே இல்லாதபடி ஒன்றைச் செய்யத்தான் நான் திரும்பி வந்தேன். அதைக் கேட்க உங்களுக்குப் பொறுமை இல்லை.

இன்னொன்று. மேடத்துக்கு எழுதிய கடிதத்தில் ‘எங்கள் பிள்ளைக்கு வெளிச்சத்தைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எப்போது மயங்கினேன்? மேடம் நல்ல மனுஷி, கடிதத்தைப் படித்துப் பயந்துவிட்டார். மருத்துவர் சரி என்ற பிறகும், “உங்க அத்தை மனசு சமாதானமாகி மறுபடி ஒரு வார்த்தை எழுதட்டும், அப்புறம் உள்ள போங்க” என்கிறார். நான் உங்களை எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

தனியாக ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நான் செய்த படலம். கீழே போட்டுவிடாதீர்கள். லேசாக ரோஜா நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது தங்கத் துகள்.

கம்பளிச் சட்டையை அப்பாவிடம் கொடுத்து அனுப்புங்கள்.

*

மார்ச் 2

அன்புள்ள மகளுக்கு,

தங்கத்தை யாராவது தபால்ல அனுப்புவாங்களா? தபால்காரர் குலுக்கிப் பாத்துட்டு ‘என்னம்மா இது, கண்ணாடியா’ன்னாரு. ‘ஆமா, வெறும் கண்ணாடிதான்’னு சொல்லி வாங்கிக் கதவச் சாத்திட்டேன். அப்புறம் மனசு கேக்காம எதிர்வீட்டு டீச்சரம்மாகிட்ட காட்டினேன். அவங்க வெயில்ல தூக்கிப் பாத்துட்டு ‘தங்கம் எங்கே’ன்னாங்க. ‘அது படிச்ச கண்ணுக்குத்தான் தெரியும்’னு சொல்லிட்டேன். அவங்க முகம் போன போக்கைப் பாக்கணுமே.

சரி, தங்கமாச்சே, கண்ட இடத்துல வைக்கக் கூடாதுன்னு சாமி படத்துக்கு முன்னாடி சாய்ச்சு வச்சேன். அதோட அளவுக்கு அந்தச் சின்னப் படம் கச்சிதமா இருந்துச்சு. கண்ணாடிக்குள்ள சாமி முகம் ரோஜா நிறத்துல அவ்வளவு லட்சணம். ஓரம் வெறுமையா இருந்தா எனக்குப் பொறுக்காதே, மீந்த துணியில ஒரு சரிகை ஓரமும் தச்சு ஒட்டினேன்.

இப்ப நான் எழுதப்போறதைப் படிச்சிட்டு நீ சிரிச்சா, அதோட நம்ம ரெண்டு பேருக்கும் கடிதமும் கிடையாது.

அன்னிக்கு சாயந்தரம் விளக்கேத்தி, கண்ண மூடி, எல்லாருக்கும் வேண்டிக்கிட்டு, கடைசியா உனக்கு வேண்டிக்கிட்டு, கண்ணத் திறக்கறேன். சாமியக் காணோம். படம் இருந்த இடத்துல வெள்ளையா ஒரு மூட்டம். நான் கண்ணக் கசக்கிப் பாத்தேன். உன் கண்ணுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சோன்னு ஒரு கண்ண மூடி ஒரு கண்ணால பாத்தேன். சுவத்துல இருக்கற ஆணி தெரியுது, காலண்டர் தெரியுது, சாமி மட்டும் தெரியல. விளக்கு அணைஞ்சு கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தா, பழையபடி முகம்.

மறுநாளும் அப்படித்தான். விளக்கேத்தினா மறைஞ்சுக்கறார், அணைச்சா வர்றார். உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘அப்படியா’ன்னா. உங்கப்பன் குனிஞ்சு பாத்துட்டு, “உன் பேச்சக் கேக்க முடியாம திரை போட்டுக்கிட்டார் போல”ன்னுட்டுச் சாப்பிடப் போயிட்டான்.

எனக்கு அதுலேருந்து தூக்கம் வரல. அந்த மயக்கம்னு எழுதினதுக்குத்தான் முகத்த மூடிக்கறாரா? இல்ல, பெத்த பிள்ளை மாதிரி வளத்த பொண்ணுகிட்ட வாயத் திறக்க மாட்டேன்னு சொல்லிட்டு என்கிட்ட மட்டும் இவ்வளவு பேசறியேன்னு கேக்கறாரா? எனக்குத் தெரியல. நீ படிச்சவ, அதுவும் நீ செஞ்ச சாமான். என்னன்னு சொல்லு. உண்மையச் சொல்லு, என் மனசு நோகக் கூடாதுன்னு எதையாவது சொல்லாத.

அத்தை

கம்பளிச் சட்டைய உங்கப்பன் பஸ்ல உன் ஊருக்கு வரும்போது கொண்டு வருவான். கையில ஒரு தையல் விட்டிருந்துச்சு, போட்டிருக்கேன்.

*

மார்ச் 11

அன்புள்ள அத்தை,

சிரித்தேன். மன்னியுங்கள். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து ஒட்டடைக்குச்சி நான் அழுகிறேன் என்று நினைத்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

சாமி உங்களிடம் கோபித்துக்கொள்ளவில்லை. விளக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. அவ்வளவுதான்.

இந்தப் படலம் ஜெல்லி மாதிரி ஒரு பொருள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நூல்கள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விரிந்து கிடக்கின்றன. அப்படி இருக்கும்வரை வெளிச்சம் நேராகப் போகும், அந்தப் பக்கம் இருப்பது தெளிவாகத் தெரியும். சூடு ஒரு வரம்பைத் தாண்டினால் அந்த நூல்கள் தண்ணீரை விட்டுவிட்டுச் சுருண்டுகொள்ளும். துவைத்த நூல் சுருங்கிச் சிக்குப் போடுமே, அப்படி. அந்தச் சிக்குகளில் வெளிச்சம் மோதி நாலா பக்கமும் சிதறிவிடும். அதுதான் நீங்கள் பார்த்த வெள்ளை மூட்டம். ஆறியதும் நூல்கள் மறுபடி தண்ணீரை வாங்கிக்கொண்டு விரிந்துவிடும். வெயில் காலத்து அறைச் சூட்டுக்கெல்லாம் மூடிக்கொள்ளக் கூடாது என்று வரம்பைக் கொஞ்சம் மேலே வைத்திருக்கிறோம். உங்கள் விளக்கு அதையும் தாண்டியிருக்கிறது.

தங்கம் எதற்கு என்றால், எங்கள் லேசரின் பச்சை வெளிச்சத்தை அந்தத் துகள்கள் நன்றாக வாங்கிக்கொள்ளும், வாங்கிய மாத்திரத்தில் சூடாகும். சாதாரண வெளிச்சம் வந்தால் சூடு போதாது, படலம் திறந்தே இருக்கும். லேசர் பலமாக வந்தால் பட்ட இடம் மட்டும் சூடாகி, கண் இமைப்பதற்கு முன் மூடிக்கொள்ளும். மூட ஆள் வேண்டாம், பொத்தான் வேண்டாம். லேசரே தன் சூட்டால் தனக்குத் திரை போட்டுக்கொள்கிறது. எவ்வளவு பலமாக வருகிறதோ அவ்வளவு கெட்டியாக மூடும். அது போனதும் திரை விலகிவிடும். நீங்கள் தைக்கிற ஜன்னல் திரையை யாராவது எழுந்து போய் இழுக்க வேண்டும். இதை யாரும் இழுக்க வேண்டாம்.

இது எல்லா லேசரையும் நிறுத்தாது. மின்னல் மாதிரித் துளித்துளியாக வருகிற வகை ஒன்று உண்டு. அது இந்தப் படலம் சூடாவதற்குள் கடந்து போய்விடும். அதற்கு இன்னமும் இருட்டுக் கண்ணாடிதான். ஆனால் என் கண்ணில் பட்டது தொடர்ந்து வருகிற வகை. அதை இது பிடிக்கும் என்று நம்புகிறேன். ஏப்ரல் எட்டாம் தேதி பெரிய சோதனை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேமராவை வைத்து, அதற்கு முன்னால் படலத்தை நிறுத்திக் கதிரின் பலத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். போன முறை செய்த படலம் தாமதமாக மூடியது. கேமராவின் நடுவில் ஒரு புள்ளி எரிந்து போயிற்று. எனக்கு எங்கே இருக்கிறதோ அதே இடத்தில். 

இந்த முறை ஏற்றப்போவது ஒட்டடைக்குச்சிதான். நான் மேஜையில் இருப்பேன்.

ஒன்று கேட்க வேண்டும் அத்தை. நினைவு தெரிந்த நாளிலிருந்து நீங்கள் என்னை முட்டக்கண்ணி என்றுதான் கூப்பிட்டீர்கள். பள்ளிக்கூட வாசலில் நின்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டு மானத்தை வாங்கினீர்கள். கண்ணில் அடிபட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இப்போது கடிதத்தில் ‘அன்புள்ள மகளுக்கு’ என்று அலுவலகத்துக்கு எழுதுவதுபோல எழுதுகிறீர்கள். அந்தப் பேரை எங்கே வைத்துவிட்டீர்கள்?

சரிகை ஓரம் தேவையே இல்லை, ஓரத்தைப் பசை வைத்து அடைத்துத்தான் அனுப்பினோம். ஆனாலும் இருக்கட்டும்.

*

மார்ச் 20

அன்புள்ள மகளுக்கு,

நீ எழுதினதை நான் முதல்ல நம்பல. சாமி விஷயத்துல யார் சொன்னாலும் நான் ஒரு தடவை சொந்தமாப் பாத்துக்குவேன். உள்ளங்கையில வச்சேன், மூடல. வெந்நீர் டம்ளரை அது மேல வச்சேன், டம்ளர் அடி பட்ட வட்டம் மட்டும் வெள்ளையாச்சு, சுத்தி அப்படியே தெளிவு. இஸ்திரிப் பெட்டியக் கிட்ட கொண்டுபோனேன், உங்கம்மா முதல் தடவையா வாயத் திறந்து, “அதையும் எரிச்சுத் தொலைக்காதீங்க”ன்னா. இத்தனை வருஷத்துல அவ பேசின நீளமான பேச்சு இதுதான்னு நெனைக்கறேன்.

எதிர்வீட்டு டீச்சரம்மாவும் வந்து வெந்நீர் வச்சுப் பாத்தாங்க. நூல், தண்ணி, தங்கம், சிக்குன்னு நீ சொன்னபடியே நான் சொன்னேன். நடுவுல தங்கம் எதுக்குன்னு மறந்துபோச்சு. அழகுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ வந்தா சரியாச் சொல்லிடு.

அப்புறம் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வச்சேன். நான் எப்பவும் சாமிக்குக் கிட்டத்துல, முகத்துக்கு நேரா, இன்னும் கொஞ்சம் கிட்டத்துலன்னு வச்சுப் பழகினவ. தள்ளி வச்சா மரியாதைக் குறைச்சல்னு ஒரு எண்ணம். தள்ளி வச்சிட்டுக் கண்ண மூடி வேண்டிக்கிட்டுத் திறந்தேன். அப்படியே இருந்தார். முழு முகமும் தெரிஞ்சுது. வெளிச்சமும் குறையல. எனக்கு என்னவோ போல ஆச்சு. ரொம்ப நேரம் அங்கேயே உக்காந்திருந்தேன். உங்கப்பன் வந்து ‘சாப்பாடு உண்டா இல்லையா’ன்னான்.

பேரைப் பத்திக் கேட்டிருக்க. நான் எங்கேயும் வைக்கலடி. ஒவ்வொரு கடிதாசிலயும் எழுதப் பாக்கறேன், பேனா அங்கேயே நின்னுடுது. அன்னிக்கு ஆஸ்பத்திரியில உன் கண்ணுல மருந்து விட்டு கட்டுப் போட்டிருந்தாங்க. எப்பவும் போல அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடத்தான் கதவத் திறந்தேன். அந்தக் கட்டைப் பாத்தேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் வரல. வராததைப் பிடிச்சு இழுக்க முடியுமா?

ஒட்டடைக்குச்சி அந்தக் கண்ணாடியக் கழட்டறானா இல்லையா? அவன் வீட்டுல கேக்கறதுக்கு ஒரு அத்தை இருக்காளா?

இன்னிக்கு ரெண்டு கவர் வாங்கினேன். ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு உனக்கு இல்ல. அதுல என்ன எழுதினேன்னு கேக்காத.

அத்தை

*

ஏப்ரல் 9

அன்புள்ள அத்தை,

அந்த இன்னொரு கவரில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கு மட்டும் இல்லை, ஆய்வகம் முழுக்கத் தெரியும். மேடம் எல்லோரையும் கூப்பிட்டு உரக்கப் படித்தார்.

“முதல் கடிதாசியில மயக்கம்னு எழுதினது எங்க பிள்ளைக்கு இல்லீங்க, எனக்குங்க. அவ கண்ணுக் கட்டைப் பாத்து ஆஸ்பத்திரி வராந்தாவுல நான்தான் விழுந்தேன். அவ விழவே இல்ல. அவளை உள்ள விடுங்க, அவ சாமானை அவளே பாத்துக்கட்டும். ஆனா கண்ணாடியக் கழட்ட மட்டும் விடாதீங்க. அந்த ஒட்டடைக்குச்சித் தம்பியையும் கழட்ட விடாதீங்க.”

நீங்கள் விழுந்ததை எனக்கு யாரும் சொல்லவே இல்லை, அத்தை. அப்பாகூடச் சொல்லவில்லை.

கடைசி வரியில் எல்லோர் தலையும் அவன் பக்கம் திரும்பியது. அவன் மெதுவாக, “ஒட்டடைக்குச்சி யாரு?” என்று கேட்டான். மேடம் கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். இப்போது அவன் கதவைத் தாண்டும்போதெல்லாம் வேண்டுமென்றே குனிந்து, மூலையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறான். உங்களைப் பார்க்க வேண்டுமாம்.

இன்னொரு செய்தி. நீங்கள் முதலில் எழுதிய கடிதத்தை நான் எவ்வளவு திட்டினேன். அதைப் படித்த வாரமே மேடம் அந்த அறைக்குள் ஒரு கேமரா மாட்ட ஏற்பாடு செய்திருக்கிறார். அது போன வாரம்தான் வந்து சேர்ந்தது. இப்போது கதிர் எங்கே விழுகிறது என்பதை வெளியே ஒரு திரையில் பார்த்து நேராக்குகிறோம். யாரும் கண்ணாடியை ஏற்றுவதில்லை. வெளி இடங்களில் இப்படி மாட்ட முடியாது, அங்கேதான் என் படலம் வேண்டும். ஆனால் எங்கள் அறைக்கு நீங்கள் எழுதியதே போதுமாக இருந்திருக்கிறது. இதை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சோதனை நேற்று நடந்தது. நானே ஏற்றினேன்.

இருட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அந்த அறை எப்போதும் குளிராக இருக்கும். கதிரின் பலத்தைக் கூட்டும் திருகை மெதுவாகத் திருப்பினேன். ஒட்டடைக்குச்சி வெளியே நின்று அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். படலத்தைத் தாண்டி வரும் வெளிச்சத்தை அளக்கும் எண் ஏறியது. நான் கூட்டக் கூட்ட அதுவும் கூடியது. பிறகு ஒரு இடத்தில் நின்றது. நான் இன்னும் கூட்டினேன். நின்ற இடத்திலேயே நின்றது. இன்னும் கூட்டினேன். அவன் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான், கடைசியில் ‘அதே, அதே’ என்று மட்டும் சொன்னான். வெளித் திரையில், ஊசி முனை மாதிரி இருந்த பச்சைப் புள்ளி நிலாவைச் சுற்றிய வட்டம் மாதிரி பரவிக் கிடந்ததாம். குறைத்ததும் மறுபடி ஊசி முனை ஆனதாம். ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி நாள் முழுக்கச் செய்தோம். ஒவ்வொரு முறையும் மூடியது, ஒவ்வொரு முறையும் திறந்தது.

எல்லாம் முடிந்து அந்தக் கேமராவைக் கழற்றி வெளியே கொண்டுவந்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்தோம். மரம், எதிர்க் கட்டடம், துணி காய்கிற கொடி. நான் படத்தின் நடுவைத்தான் பார்த்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும், நன்றாகப் பார்த்தேன்.

எந்தப் புள்ளியும் இல்லை, அத்தை.

இது கண்ணாடியாக மாறி ஒருவர் மூக்கில் உட்கார இன்னும் சில வருஷம் ஆகும். ஆனால் லேசரைக் கட்டிப்போட்டாயிற்று. நீங்கள் சாமியிடம் சொன்ன வார்த்தை அதுதானே?

*

ஏப்ரல் 16

கடிதத்தை உங்கம்மாவை விட்டுப் படிக்கச் சொன்னேன். எனக்குக் கண்ணுல தண்ணி. அவ பாதியிலேயே நிறுத்திட்டா, அவளுக்கும் தண்ணி. கடைசியில உங்கப்பன்தான் படிச்சு முடிச்சான். புள்ளி இல்லைங்கற இடம் வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தான். கண்ணுல சோப்பு பட்டுடுச்சாம். யாரும் கேக்கவே இல்ல.

சாமிகிட்ட விளக்கமாப் பேசிட்டேன். நான் கேட்டது என்ன, ‘யாராவது கட்டிப்போடற வரைக்கும்’. அது எங்க பிள்ளையாவே இருக்கும்னு அப்ப எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லியிருக்கலாம்னு கொஞ்சம் கோவிச்சுக்கவும் செஞ்சேன். தப்பா எடுத்துக்கல. முகம் தெளிவாத்தான் இருந்துச்சு.

ஒட்டடைக்குச்சித் தம்பிய லீவுக்குக் கூட்டிட்டு வா. எங்க வாசப்படி தாழ்வு, தலை பத்திரம்னு சொல்லி வை. அவன் ஜன்னலுக்கு ஒரு திரை தச்சுத் தர்றேன், எழுந்து போய் இழுக்கற திரைதான்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்றேன். உங்கம்மா போன்லேருந்து இல்ல, என் போன்லேருந்து. நிறையப் பேசணும், எல்லாம் சேர்ந்து கெடக்கு. வேற வேலை எதுவும் வச்சுக்காத.

முதல் மணியிலயே எடு, முட்டக்கண்ணி.